மற்றவை

தேர்வுச் சலுகைப் படிவத்தில் ஆறு கட்டங்கள்.
பார்வை, செவி, நடமாட்டம்,
வாசிப்புச் சிக்கல், நாள்பட்ட நோய்.
ஆறாவது, மற்றவை.
அதன் எதிரே ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள்,
அதிலும் பாதியைக் கோடு தின்றுவிடும்.

ஷார்ஜா, முவைலா.
பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில்
பதினோரு வருடமாக அந்தக் கட்டங்களுக்கு நான் காவல்.
சான்று இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா,
முத்திரை போட்டவருக்கு உரிமம் இருக்கிறதா.
எல்லாம் இருந்தால்
மணிக்குப் பதினைந்து நிமிடம் கூடுதல்.
என் வீட்டு அரிசி போல
தலைதட்டி அளந்து போட்டிருக்கிறேன்.

இத்ரீஸ் சூடான்காரன், பார்வையில்லை.
அவனுக்குக் கேள்வித்தாள் பேசும்.
கணினிக் குரல் அரபுப் பெயர்களை மென்று துப்பும்போது
அவன் சிரிப்பு பக்கத்து அறை வரை கேட்கும்.
நன்றி சொல்லமாட்டான்.
"வாசலைக் குறுக்கிக் கட்டினது நீங்க, மிஸ்.
இப்ப இடிச்சு அகலமாக்குறீங்க.
இதுக்குப் பேர் உதவியா?"
கோபம் வந்தது எனக்கு.
அன்று முழுக்க இருந்தது.

பிறகு கிளாட்வின்.
சிவில், இரண்டாம் ஆண்டு, அஜ்மானிலிருந்து வருகிறவன்.
கண் தெரிகிறது, காது கேட்கிறது.
அப்பாவுக்கு முதுகில் அறுவை,
பக்காலாவில் இரவு மூன்று வரை கல்லாவில் இவன்.
ஐந்தரைக்குப் பேருந்து.
எட்டு மணிக்குத் தேர்வு.

"மெடிக்கல் சர்டிஃபிகேட் இல்ல மிஸ்,
இதுதான் இருக்கு" என்று நீட்டினான்.
பழைய விடைத்தாளின் நகல்.
மூன்றாம் பக்கத்தில்
'கான்கிரீட் முழு வலுவடைய இருபத்தெட்டு' வரை
எழுத்து நேராக நிற்கிறது.
அதற்கு மேல் எழுத்தில்லை.
பேனா ஒரு கோடாகச் சரிந்து
ஓரத்தைத் தாண்டி
தாளைவிட்டே இறங்கிப்போயிருந்தது.

இதற்குக் கட்டம் இல்லை தம்பி, என்றேன்.
"தேங்க்யூ மிஸ்" என்றான்.

இல்லை என்றதற்கு ஒரு நன்றி.
அதைத்தான் செரிக்க முடியவில்லை.
கான்கிரீட்டுக்கு இருபத்தெட்டு நாள் கொடுக்கிறோம்,
எந்த மேஸ்திரியும் அதைச் சோம்பேறி என்று
திட்டி நான் கேட்டதில்லை.

மாலை ஆறுக்கு மேல், ஏசி நின்ற அறையில்
எட்டு மணித் தேர்வில் தவறியவர்களின்
பட்டியலை எடுத்தேன்.
மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை,
முகவரியைப் பார்த்தேன்.
அஜ்மான், அஜ்மான், உம் அல் குவைன்,
தொழிற்பேட்டை பதின்மூன்று, அஜ்மான்.
நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர்
ஒரே பேருந்தில் ஏறி வந்து தோற்றிருந்தார்கள்.

கமிட்டியில் டாக்டர் நவ்ஃபல் கேட்டார்,
தரம் என்னாவது?
என் குரல் நடுங்கியது, ஒப்பந்தப் புதுப்பிப்பு
அடுத்த மாதம்.
"கேள்வித்தாள் அதேதான் சார்.
பத்து மணிக்கு வெச்சா
வெயிலுக்குத்தான் ரெண்டு மணி நேரம் வயசு கூடும்."
யாரோ இருமினார்கள். சிரிப்பாகவும் இருக்கலாம்.
ஒரு பருவத்துக்கு மட்டும், சோதனையாக, என்று எழுதிக்கொண்டார்கள்.

பத்து மணித் தேர்வில்
கிளாட்வின் விழித்திருந்ததைப் பார்த்தேன்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பதில் தெரியாத முகம்.
தூங்காமல், நியாயமாக, தெரியாத முகம்.
அறுபத்தொன்று வாங்கினான்.
இருபத்தாறில் ஒன்பது பேர் இந்த முறையும் தவறினார்கள்.
அவர்களின் முகவரியில் இப்போது
எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இன்னும் தேடுகிறேன்.

புதுப் படிவம் அச்சாகி வந்திருக்கிறது.
மற்றவைக்கு ஆறு வரி.
இத்ரீஸிடம் சொன்னேன்.
"பரவாயில்ல, சுத்தியல் பிடிக்கக் கத்துக்கிட்டீங்க" என்றான்.

நேற்று ஒரு பையன் வந்தான்,
விரலில் கார்ச் சாவி சுழல.
பத்து மணிக்கென்றால் பார்க்கிங் கிடைப்பதில்லையாம்,
சுற்றிச் சுற்றிப் பதற்றமாகிறதாம்.
சிரிப்பு வந்தது, விழுங்கினேன்.
படிவத்தைத் தள்ளி, பேனாவைக் கொடுத்தேன்.

கடைசிக் கட்டம், என்றேன்.
எழுதுங்க.
இடம் இருக்கு.